நாற்பத்தொரு காரும் ஒரே ஒரு கொளஞ்சியும்

ஒரு காலத்தில் எனக்குச் சொந்தமாக நாற்பத்தொரு கார் இருந்தது. அதிக நாள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அன்றைய சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான். அப்போது எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மொபெட் ஓட்டினாலே எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். ஆனாலும் விருத்தாசலம் தாலுகாவில் என்னைவிடப் பெரிய கார் முதலாளி யாரும் இல்லை என்று ஒரு கம்ப்யூட்டர் சொன்னது. அதற்கு அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சென்னையில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, அங்கே யாரும் வேலை தராததால் ஊருக்குத் திரும்பியிருந்தேன். (ஊரில் கேட்டவர்களிடம் "சென்னைத் தண்ணி ஒத்துக்கல" என்று சொல்லி வைத்திருந்தேன்.) கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் அப்போது எங்கள் பக்கத்தில் தனி மரியாதை. டி.வி.யில் படம் தெரியாவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள், மிக்சி சுற்றாவிட்டாலும் கூப்பிடுவார்கள். நானும் போய் மிக்சியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "சாப்ட்வேர்ல ஒண்ணும் கோளாறு இல்ல" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வருவேன்.

இந்தக் கீர்த்தி உளுந்தூர்பேட்டை ரோட்டில் இருந்த கார் ஷோரூம் முதலாளியின் காதுக்கும் எட்டியது. கார் கம்பெனி, தன்னுடைய டீலர்கள் எல்லாரும் காகிதத்தை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற வேண்டும் என்று சொல்லிவிட்டதாம். முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பேர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. "கம்ப்யூட்டர் தம்பி வந்தாச்சா?" என்றார். அன்றிலிருந்து அந்த ஷோரூமில் எனக்கு அதுதான் பேர்.

முதலில் அவர் என்னைப் பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். கதவைத் திறந்ததும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. தரையிலிருந்து கூரை வரைக்கும் கோப்புகள். ஷோரூம் திறந்த நாளிலிருந்து விற்ற ஒவ்வொரு காருக்கும் பில், இன்சூரன்ஸ், சர்வீஸ் அட்டை எல்லாம் ஒரு கட்டு. பெண்ணாடம் பக்கத்துக் கட்டுக்குச் சிவப்பு நாடா, மங்கலம்பேட்டைக்குப் பச்சை, நல்லூருக்கு மஞ்சள். நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் டைப்பிஸ்ட் மேரி அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு ஊரே கார் வாங்கிய கதை அந்த அறையில் அடைந்து கிடந்தது. உண்மையிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்ப்பு அடங்கியதும், "இதையெல்லாம் ஒரு சின்னப் பொட்டிக்குள்ள போட்டுக் காட்டுறேன் சார்" என்று வாயை விட்டேன்.

"அந்தப் பொட்டிக்கு ஏ.சி. வேணும்னு சொல்றாங்களே தம்பி?" என்றார் முதலாளி.

"ஆமா சார். கண்டிப்பா வேணும்" என்றேன். (எனக்குத்தான் வேண்டியிருந்தது. எங்கள் ஊர் சித்திரை வெயிலை அனுபவித்தவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.)

கம்ப்யூட்டர் வந்து இறங்கிய நாளில் பூஜை போட்டார்கள். புது கார் என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். இதற்குச் சக்கரம் எங்கே என்று கொஞ்ச நேரம் தேடிவிட்டு, மேசைக் காலுக்கு அடியில் வைத்து மேசையை நகர்த்தினார்கள். கீபோர்டுக்குச் சந்தனம் தடவினார்கள். அது காய்ந்து, அந்த மெஷின் இருந்த வரைக்கும் ஒரு பொத்தான் அமுங்கவே இல்லை. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் வருவார். அவரைப் பார்த்து மெக்கானிக்குகளும் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து நானும் கழற்றினேன். கம்ப்யூட்டர் முன்னால் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

அந்தச் சூழ்நிலையில்தான் நான் என் வாழ்க்கையின் முதல் டேட்டாபேஸை வடிவமைத்தேன்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒன்றை அடித்துச் சொல்லியிருந்தார். கணக்கில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் ஒன்று வேண்டும், இரண்டு பேருக்கு ஒரே அடையாளம் வந்துவிடக் கூடாது. நான் தீவிரமாக யோசித்து, மனிதனுக்குப் பேரைவிடத் தனி அடையாளம் என்ன இருக்கிறது என்று முடிவு செய்தேன். பேரையே அடையாளமாக வைத்தேன். இன்ஷியலுக்கு ஒரு தனிக் கட்டம் கொடுத்தேன், அழகுக்காக. அதைக் கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது.

என் பேர் கொளஞ்சி. சென்னையில் படித்த வருடங்கள் முழுக்க, கல்லூரியிலும் சரி, விடுதியிலும் சரி, கொளஞ்சி என்றால் நான் ஒருவன்தான். "அதென்ன பேரு?" என்று வாட்ச்மேன் வரைக்கும் கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்டுக் கேட்டு, உலகத்திலேயே ஒரே கொளஞ்சி நான்தான் என்று எனக்குள் பதிந்துவிட்டது போலிருக்கிறது. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் அவர் பேரைத்தான் வைப்பார்கள். கொளஞ்சியப்பன், கொளஞ்சிநாதன் என்று எப்படி வைத்தாலும் கூப்பிடுவதும் பில்லில் எழுதுவதும் கொளஞ்சிதான். எங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று "கொளஞ்சி" என்று ஒரு குரல் கொடுத்தால் பாதி பஸ் திரும்பிப் பார்க்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு, ஏ.சி.யில் உட்கார்ந்ததும் இது மறந்துவிட்டது.

மறந்ததோடு நிற்கவில்லை. மேரி அக்காவுக்கு வேலையைக் குறைப்பதற்காக ஒரு வசதியும் செய்து கொடுத்தேன். ஒரு பேரை அடித்தால், அது ஏற்கெனவே இருந்தால், "இவர் நம் பழைய வாடிக்கையாளர்" என்று சொல்லி, விலாசத்தைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொண்டு, புதுக் காரையும் அவர் கணக்கில் சேர்த்துவிடும். இது வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் ஆளாக என் பேரையும் எங்கள் வீட்டு விலாசத்தையும் அடித்துப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் அதை அழிக்க மறந்துவிட்டேன்.

மேரி அக்கா கட்டுக் கட்டாகப் பிரித்து அடிக்க ஆரம்பித்தார். அவர் முகத்தில் நாளுக்கு நாள் ஒரு பரவசம் கூடிக்கொண்டே போனது.

"தம்பி, கொளஞ்சின்னு அடிச்சா போதும், மீதியெல்லாம் அதுவே போட்டுக்குது. எல்லாரையும் அதுக்குத் தெரிஞ்சிருக்குது."

"அதுதான் அக்கா டெக்னாலஜி" என்றேன்.

"கர்த்தர் குடுத்த புத்தி" என்று அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

என்ன நிரப்பிக்கொள்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இவ்வளவு தெரிந்த மெஷினைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவு என்று இரண்டு பேருமே நினைத்திருக்க வேண்டும்.

இந்த நேரத்தில் வீட்டில் வேறொரு பெரிய விஷயம் நடந்துகொண்டிருந்தது. என் அக்கா தேவகிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் பெண் பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள். காபி டம்ளரைக் கீழே வைத்ததும், "மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி மட்டும்" என்று ஆரம்பிப்பார்கள். அப்பா செராமிக் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். பீங்கான் ஃபியூஸ் கட்டை வேகவைக்கிற சம்பளத்தில் அந்த வண்டி வரவே வராது. இப்படியே பல இடம் தட்டிப்போனது. அக்கா நர்சரி ஸ்கூலில் டீச்சர், குரலும் அப்படித்தான் இருக்கும். கடைசி இடம் தட்டிப்போன அன்றைக்குச் சொல்லிவிட்டாள்:

"இனிமே எவனாவது வண்டின்னு வாயத் தொறந்தா, நானே வெளிய வந்து, போயிட்டு வாங்கன்னு கும்புட்டு அனுப்பிச்சிடுவேன்."

அவள் சொன்னால் செய்வாள். அம்மா பயந்துபோய்க் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தாள். ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுப்பது மாதிரி, நம் குறையை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட வேண்டும். குறை தீர்ந்ததும் மறுபடி போய் முறைப்படி வாபஸ் வாங்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் கலெக்டரை நம்புவதைவிட இதை அதிகம் நம்புவார்கள்.

பிராது கட்டிய கொஞ்ச நாளில் பெண்ணாடத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர். அப்பா இல்லை, தாய்மாமன்தான் எல்லாம். பேர் கொளஞ்சிநாதன். "சாமியே மாப்பிள்ளையா வராரு" என்றாள் அம்மா. அக்கா போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து வேறு எதையோ தேடுகிற மாதிரி வந்து மறுபடியும் பார்த்தாள். அதற்கு முன்னால் எந்தப் போட்டோவையும் அவள் இரண்டாவது தடவை பார்த்ததில்லை. இந்த இடம் மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். பார்த்தால், அதே ஞாயிற்றுக்கிழமைதான் கார் கம்பெனியின் ஆபீசர், திருச்சிக்குப் போகிற வழியில், எங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிறார். நான் முதலாளியிடம் லீவு கேட்டேன். மேரி அக்காவும் காலையில் சர்ச்சுக்குப் போய்விடுவார். "நானே அமுத்திக் காட்டிடுறேன், எத அமுத்தணும்னு மட்டும் சொல்லு" என்றார் முதலாளி. அதிகக் கார் வாங்கியவர் யார் என்று காட்டும் பட்டனைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆபீசர்களுக்கு அந்த மாதிரி விஷயங்கள் பிடிக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஷோரூமில் நடந்ததை முதலாளியே பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பட்டனை அமுக்கியதும் பிரின்டர் கடகடவென்று ஒரு தாளை அடித்துத் தள்ளியிருக்கிறது. முதல் வரியில் கொளஞ்சி, நாற்பத்தொரு கார். செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத்துத் தெரு விலாசம். அந்தக் கார்களை எல்லாம் ஒவ்வொன்றாக விற்றவர் முதலாளிதான். ஒவ்வொருவர் கையிலும் சாவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டவர். ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் அவருக்குத் தன்மேல்தான் சந்தேகம் வந்திருக்கிறது.

"டெய்லி பாக்குற எனக்குத் தெரியல. பொறந்து ரெண்டு மாசமான கம்ப்யூட்டருக்குத் தெரியுது பாருங்க சார்" என்றாராம்.

ஆபீசரும் அசந்துபோய்விட்டார். சென்னையிலேயே ஒரே ஆள் இத்தனை கார் வாங்கி அவர் பார்த்ததில்லையாம். இப்பேர்ப்பட்ட மனிதரைப் பார்க்காமல் ஊரைத் தாண்டக் கூடாது என்று உடனே கிளம்பினார்கள். வழியில் ஒரு ரோஜா மாலை, ஒரு பொன்னாடை. கார் வாங்குகிறவர்களுக்கு எல்லாம் ஷோரூமில் ஒரு சின்னப் பீங்கான் பிள்ளையார் கொடுப்பது வழக்கம். நாற்பத்தொரு கார் வாங்கியவருக்குப் பிள்ளையார் போதாது என்று, முழங்கால் உயரத்தில் ஒரு பீங்கான் யானையை வாங்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெரு குறுகல் என்பதால் மாப்பிள்ளை தன் காரைத் தெருமுனை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். அக்கா வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். எல்லாருக்கும் முகம் மலர்ந்திருந்தது. நான் பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டு போனேன். தாய்மாமன் ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்துவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

நான் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"எல்லாம் திருப்தியா இருக்குது. மாப்பிள்ளைக்கு ஒரு டூவீலரு மட்டும் போட்டுட்டீங்கன்னா, நாளப் பாத்துடலாம்" என்றார்.

"எதுக்கு மாமா அதெல்லாம்" என்று மாப்பிள்ளை முனகினார். மாமா கையமர்த்தினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அக்கா எழுந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லாமல், அடுத்த தட்டு பஜ்ஜி எடுக்கிற சாக்கில் நான் அடுப்படிக்குள் நுழைந்துகொண்டேன்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு குரல். "கொளஞ்சி ஐயா வூடு இதுதானுங்களா?"

"இதுதாங்க, உள்ள வாங்க" என்றார் அப்பா.

எட்டிப் பார்த்தேன். முதலாளி கையில் மாலையோடு நிற்கிறார். பின்னால் டை கட்டிய ஆபீசர். அதற்கும் பின்னால் டிரைவர், குழந்தையைத் தூக்குகிற மாதிரி யானையைத் தூக்கிக்கொண்டு. லீவு போட்டதற்கு இவ்வளவு பெரிய ஆக்ஷனா என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஐயா எங்க? கொளஞ்சி ஐயா?"

புதுச் சட்டையோடு நடுநாயகமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று எழுந்தார். "நான்தாங்க கொளஞ்சி."

மாலை விழுந்தது. பொன்னாடை விழுந்தது. காலடியில் யானை வைக்கப்பட்டது. தாய்மாமன் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. பெண் பார்க்க வந்ததற்கே இவ்வளவு மரியாதையா என்று அவர் எங்களைப் பார்த்தார். மாப்பிள்ளையின் சிநேகிதர்களோ என்று அம்மா அவர்களைப் பார்த்தாள். அப்பா மட்டும் யானையைப் பார்த்தார். "நம்ம சூளையில வெந்ததுதான் இது. பின்னங்கால் கொஞ்சம் கோணிக்கிச்சு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

முதலாளி மாப்பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நாற்பத்தொரு காரு வாங்கியிருக்கீங்க. ஒரு நாளாவது வந்து, நான்தான் வாங்குனவன்னு காட்டிக்கிட்டிருப்பீங்களா? பாத்த மொகமா இருக்குதேன்னு உள்ள வரும்போதே நெனச்சேன்."

"உங்ககிட்டதாங்க காரு எடுத்தேன். ஆனா..."

"கேட்டுக்குங்க சார், அவரே சொல்றாரு."

ஆபீசர் எங்கள் ஓட்டு வீட்டையும், சுவரில் ஆணியில் தொங்கிய அப்பாவின் காக்கிச் சட்டையையும் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு எளிமையா ஒரு மனுஷரை நான் பார்த்ததே இல்லை" என்றார்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தாய்மாமன் வாயில் பாதி பஜ்ஜியோடு தன் அக்காள் மகனை அண்ணாந்து பார்த்தார்.

"ஏண்டா, எங்கிட்டகூடச் சொல்லலியேடா."

"மாமா, எங்கிட்ட இருக்கிறது ஒரே வண்டி. அதையும் நான்தான் கழுவுறேன்" என்றார் மாப்பிள்ளை.

"தன்னடக்கம்" என்றார் முதலாளி.

அப்போதுதான் திரையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். கும்பிட்டு அனுப்புவதற்காக எழுந்தவள் அவ்வளவு நேரம் அங்கேயே நின்று கேட்டிருக்கிறாள். நேராகத் தாய்மாமனைப் பார்த்துக் கேட்டாள்:

"நாற்பத்தொரு காரு வச்சிருக்கிறவருக்கு எங்கப்பா எதுக்குங்க ஒரு டூவீலரு வாங்கித் தரணும்?"

தாய்மாமன் வாயில் இருந்த பஜ்ஜியை விழுங்கினார். ஆபீசர் எதற்கோ கையிலிருந்த தாளைப் பார்த்தார். "உங்க வீடு இதுதானே சார்?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை பெண்ணாடம் என்றார்.

"இந்த வெலாசம் எங்க வூடாச்சே. இந்த வூட்டுல கொளஞ்சின்னா எம் மவன்தான்" என்றார் அப்பா.

இனி அடுப்படியில் நிற்க முடியாது. பஜ்ஜித் தட்டோடு வெளியே வந்தேன்.

"கம்ப்யூட்டர் தம்பி, நீ எங்கப்பா இங்க?" என்றார் முதலாளி.

"இது எங்க வூடு சார்."

"உம் பேரு என்னா?"

"கொளஞ்சி சார்."

இந்த இடத்திலாவது அவருக்குக் கம்ப்யூட்டர்மேல் ஒரு சின்னச் சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை. மாப்பிள்ளையிடம் "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி மாலையைக் கழற்றினார். என் கழுத்தில் போட்டார். தட்டு கையில் இருந்ததால் என்னால் தடுக்க முடியவில்லை.

"நாற்பத்தொரு கார வச்சிக்கிட்டு எங்கிட்ட சம்பளத்துக்கா தம்பி வேல பாக்குற?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று மெல்ல மெல்ல எனக்குப் புரிந்துகொண்டிருந்தது. ஊரில் இருக்கிற கொளஞ்சிகளின் கார்களை எல்லாம் ஒரே மூச்சில் என் பேருக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அதைவிட, அக்கா முதல் முறையாக ஆசைப்பட்ட இடத்தை நானே கெடுத்துவிட்டேன். வண்டி கேட்டதால் தட்டிப்போனது என்றால் ஊர் அவர்களைச் சொல்லும். இது என்னால் தட்டிப்போகப் போகிறது. அக்காவை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அவள்தான் என்னைப் பார்த்தாள். பரீட்சைத் தாளைப் பார்க்கிற பார்வை. "அத இப்படிக் குடுங்க சார்" என்று ஆபீசர் கையிலிருந்து தாளை வாங்கினாள். என் பேருக்குக் கீழே இருந்த கார் நம்பர்களை வகுப்பில் வாசிக்கிற மாதிரி சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் வாசித்ததும் மாப்பிள்ளை கையை உயர்த்தினார்.

"கடைசியாப் படிச்சத இன்னொரு தடவ படிங்க."

அவர் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் மறுபடியும் படித்தாள்.

"அது என் வண்டிங்க. தோ, வேப்பமரத்தடியில நிக்குது" என்றார் மாப்பிள்ளை.

எல்லாரும் எழுந்து தெருமுனைக்குப் போனோம். முதலில் முதலாளி, பிறகு ஆபீசர், பொன்னாடையோடு மாப்பிள்ளை, மாலையோடு நான், இரண்டு வீட்டுப் பெரியவர்கள், என்ன விசேஷம் என்று பின்னாலேயே வந்த தெரு. வேப்பமரத்தடியில் அதே நம்பரோடு கார் நின்றது. அதற்குள் ஷோரூமில் கொடுத்த பீங்கான் பிள்ளையார்கூட இருந்தார். அங்கே வைத்துத்தான் நான் வாயைத் திறந்தேன். பேரை அடையாளமாக வைத்தது, என் பேரை முதலில் போட்டுப் பார்த்தது, அதை அழிக்காமல் விட்டது எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். தாய்மாமன் முகம் கடுகடுவென்று ஆகிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அதற்குள் மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்துவிட்டார். காரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"மாமா, பொண்ணு வூட்ல வண்டி கேட்டீங்க. இப்ப நம்ம வண்டியே அவங்க பேருக்குப் போயிடுச்சு. இதுக்கு மேல பேசுனா வூடும் போயிடும். வாங்க, தட்ட மாத்திடலாம்."

என் பின்னாலிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. வீட்டில் எத்தனையோ தடவை அவள் சிரித்துக் கேட்டிருக்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது. அதைக் கேட்டதும் தாய்மாமனும் வேறு வழியில்லாமல் சிரித்தார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு பையன் தன் சொந்தக் காரை எழுதி வாங்கிக்கொண்டதைக் கேட்டு இப்படிச் சிரிக்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏ.சி. அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேனே, அந்த மரியாதை அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்தது. இன்றைக்கும் குறையவில்லை.

அன்றே நாள் குறித்தார்கள். வண்டி என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. முதலாளியும் ஆபீசரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். யானையை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.

மறுநாள் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் ஷோரூமுக்குப் போனேன். முதலாளி என்னைத் திட்டவில்லை. கம்ப்யூட்டரையும் திட்டவில்லை. "மெஷினு என்னா பண்ணும்? ஊருல எல்லாரும் ஒரே பேர வச்சிக்கிட்டா அது பாவம் யாருன்னு பாக்கும்?" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதையும் அவர் விடவில்லை. காகிதக் கட்டுகள் நல்லவேளையாக அப்படியே இருந்தன. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினோம். இப்போது கொளஞ்சி என்று அடித்தால், ஊரோடும் இன்ஷியலோடும் அத்தனை பேரையும் காட்டி, "எந்தக் கொளஞ்சி?" என்று கேட்கும்.

மேரி அக்காவுக்கு இதில் வருத்தம்தான். "முன்னெல்லாம் அதுக்கே தெரிஞ்சிது. நீ என்னமோ பண்ணி அத மக்காக்கிட்ட தம்பி" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்ததும் அம்மாவோடு கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினோம். அம்மாவைப் பொறுத்தவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

"எல்லாம் அவரு பேருதானேடா. நாற்பத்தொரு காரும் கொளஞ்சியோடதுன்னு கம்ப்யூட்டரு சொல்லிச்சின்னா, சரியாத்தான் சொல்லியிருக்குது" என்றாள். அந்தச் சன்னிதியில், காற்றில் படபடத்துக்கொண்டிருந்த அத்தனை வெள்ளைத் தாள்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை பேருடைய குறை, அதில் எத்தனை கொளஞ்சி. யாருடைய குறை யாருடையது என்று அங்கே ஒருநாளும் குழம்பியதாகத் தெரியவில்லை. அதற்கு யார் டேட்டாபேஸ் எழுதினார்களோ என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

அத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்னும் விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாகக் கார் சாவியை என் கையில் வைத்து, "ஓனரே, வண்டி பத்திரமா இருக்குது" என்பார். கிளம்பும்போது, "ஓனரே, எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். அக்கா மகள் ரொம்ப வருடம் அதை மாமா கார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கார் பழசாகி, அதே ஷோரூமில் புதுக் கார் எடுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். மேரி அக்கா கொளஞ்சி என்று அடித்தார். எந்தக் கொளஞ்சி என்று திரை கேட்டது. அத்தான் எட்டிப் பார்த்து, பட்டியலில் முதலில் இருந்த (புதுக் கணக்கிலும் சோதித்துப் பார்த்துவிட்டு நான் அழிக்க மறந்திருந்த) என் பேரைத் தொட்டார்.

"இவரு பேர்லயே போடுங்க. ராசியான பேரு."

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பதிவுப் புத்தகம் வந்த பிறகுதான் தெரிந்தது, விளையாட்டு இல்லை என்று. எனக்கு இன்றைக்கும் கார் ஓட்டத் தெரியாது. போன மாதம்கூட, உளுந்தூர்பேட்டை பக்கத்தில் அதிவேகமாகப் போனதற்காக எனக்குத்தான் அபராதம் வந்தது. அந்த நேரத்தில் நான் வீட்டில் மிக்சியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.